‘தவணை’ என்று எழுதிய அண்ணி

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்காருவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் நாத்தனார். குறை கண்டுபிடிப்பது எனக்குக் கைவந்த கலை. அண்ணனைக் கட்டிக்கொண்டு அவர் இந்த வீட்டுக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில், துணி காயப்போடுவதிலிருந்து கதவு சாத்துவது வரை அவர் செய்த எதையும் நான் சும்மா விட்டதில்லை. அவரும் பதிலுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. ஆனாலும் இதை எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது போலிருக்கிறது.

அண்ணிக்கு வேலை வீட்டின் பின்னறையில். என் அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எங்கேயோ கழற்றிப் போட்ட கதவைக் கொண்டுவந்து நாலு கால் வைத்து அவருக்கு மேஜை செய்து கொடுத்திருக்கிறார். கைப்பிடி இருந்த ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டர் ஒயர் இறங்கும். போனிலும் கம்ப்யூட்டரிலும் ‘உள்நுழைக’, ‘மீண்டும் முயல்க’ என்றெல்லாம் தமிழில் வருகிறதே, அதை யாரோ ஒரு மனிதப்பிறவி உட்கார்ந்து எழுதித்தானே ஆக வேண்டும். அப்படி எழுதுகிறவர்களில் எங்கள் அண்ணியும் ஒருவர். வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. பெரிய இடங்களில் வேலையை மொத்தமாக எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனிக்குப் பன்னிரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார்.

ரொம்ப சுகமான வேலை, நிழலில் உட்கார்ந்து நாலு வார்த்தை எழுதினால் காசு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு சொல் வரும். அது எந்த இடத்தில், யார் கண்ணில் படப்போகிறது என்று சொல்லமாட்டார்கள். பட்டனில் வருவதென்றால் இருபது எழுத்துக்கு மேல் போகக்கூடாது. நமக்கு ‘கொ’ ஒரு எழுத்து. கம்ப்யூட்டர் புள்ளியையும் கொம்பையும் தனியாக எண்ணும். அண்ணி விரலை மடக்கி மடக்கி எண்ணி, ஒரு புள்ளி அதிகமாகிவிட்டதே என்று அரைமணி நேரம் முழித்துக்கொண்டிருப்பார். பிரவுசரை ‘உலாவி’ என்பார். “உலாவப் போனவங்க வந்துட்டாங்களா அண்ணி?” என்று நான் கேட்டால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

ஒருமுறை ஏதோ மாத்திரை அட்டைக்கு நாலே நாலு வார்த்தை எழுத வேண்டியிருந்தது. தினமும் ஒன்றா, ஒருநாள் விட்டு ஒருநாளா என்பது அனுப்பியவர்கள் எழுத்தில் தெளிவாக இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டு எழுதி, பதில் வரும்வரை இரண்டு நாள் வேறு வேலையைத் தொடவில்லை. “நாலு வார்த்தைக்கு ரெண்டு நாளா? விளங்கின மாதிரிதான்” என்றேன். “முழுங்கப் போறவங்க வந்து என்னைக் கேக்க முடியாதுல்ல” என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

என் பிழைப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் கட்டணக் கவுண்டரில். கண்ணாடிக்குப் பின்னால் பதினெட்டு வருடம். பெற்றோர்கள் எனக்குக் ‘கறார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பேன். எங்கள் பள்ளியில் வருடக் கட்டணம் மூன்று தவணை. முதல் தவணை, இரண்டாம் தவணை, மூன்றாம் தவணை. ரசீதிலும் தவணைதான், என் வாயிலும் நாளெல்லாம் தவணைதான். பணம் கட்டுவது இணையத்துக்கு மாறியதும், ‘எங்க அழுத்தணும் மேடம், எங்க அழுத்தணும்’ என்று பெற்றோர் என் உயிரை வாங்கினார்கள். கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டினேன்: ‘தவணை என்று வரும் இடத்தை அழுத்தவும்.’

அந்த வருடம் முதல் தவணை நேரத்தில் பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. பணம் கட்டும் இடத்துக்குப் போனால் எங்கள் பக்கம் மங்கிவிடும். கீழேயிருந்து ஒரு பெட்டி எழும்பி வரும். அதில் பெரிய பட்டன்: ‘தவணையில் செலுத்துக’. அதன் அடியில் எறும்பு எழுத்தில் ஏதேதோ. பள்ளிக்கூடம் வைத்த பெட்டி இல்லை, பேங்க் வைத்ததும் இல்லை. பிரவுசர்காரர்களே ஒரு கடன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து நடுவில் கொண்டுவந்து வைத்தது. அதை அழுத்தினால் அந்த முதல் தவணை முழுவதையும் கடன் கம்பெனி பள்ளிக்குக் கட்டிவிடும். பெற்றோரிடமிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலு பாகமாக எடுத்துக்கொள்ளும். எடுக்க வரும் நாளில் கணக்கில் காசு இல்லையென்றால் அபராதம்.

இது எனக்குத் தெரிந்தது ஒரு தையல்கார அம்மா வந்தபோதுதான். அவருக்கு எங்கள் பள்ளியில் இரண்டு பிள்ளைகள். பள்ளிச் சீருடை தைத்துத்தான் அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்.

“மேடம், முதல் தவணை கட்டியாச்சுன்னு நீங்களே ரசீது குடுத்தீங்க. இப்ப மறுபடியும் எடுக்கறீங்க. அபராதம் வேற போட்டிருக்கீங்க.”

“நாங்க எதுவும் எடுக்கலம்மா.”

போனைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் காட்டினார். ‘பள்ளிக் கட்டணம், தவணை 2’ என்று இருந்தது.

“ரெண்டாம் தவணை நாலு மாசம் கழிச்சுத்தானே? இப்பவே எடுத்தா எப்படி? மெஷினுக்கு மோட்டார் வாங்க வச்சிருந்த காசு அது.”

“நீங்க எதையோ தப்பா அழுத்தியிருக்கீங்க.”

“தவணைன்னு இருக்கறத அழுத்தச் சொல்லி நீங்கதானே ஒட்டி வச்சிருக்கீங்க” என்று என் தாளைத் தொட்டுக் காட்டினார்.

அவர் போனதும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கும் மறுநாளும் மட்டும் முப்பத்தொன்பது பேர் அதே புகாரோடு வந்தார்கள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் கறாராகத்தான் பதில் சொன்னேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் பிரவுசர்காரர்களின் கருத்துப் பக்கத்தைத் தேடிப் போனேன். உலகமே அங்கே திரண்டு நின்று திட்டிக்கொண்டிருந்தது. பக்கம் பார்க்க ஒரு கருவி கேட்டோம், கடன்காரரை யார் கேட்டது என்று ஒருவர். நான் காசு கொடுக்கப் போகும் நேரம் பார்த்துக் கையைப் பிடிக்க நீ யார் என்று இன்னொருவர். அணைத்து வைத்தாலும் அடுத்த தடவை தானாக முளைக்கிறது என்று ஆயிரம் பேர். தமிழ்ப் பகுதியும் இருந்தது. எனக்கு மூக்கின் மேல் கோபம். ‘ஒரு பெற்றோர்’ என்று பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு எழுதினேன்: ‘இதைத் தமிழில் எழுதிய கழுதை யார்? பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவையாவது பணம் கட்டியிருந்தால் இந்த வார்த்தையைப் போட்டிருப்பாயா? தைரியம் இருந்தால் முகத்தைக் காட்டு.’ அனுப்பிய பிறகு பசி நன்றாக எடுத்தது.

சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது பெட்டி கதையைச் சொன்னேன். நான் எழுதியதைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி கேட்டார்.

“அந்தப் பெட்டியில என்ன எழுதியிருந்துச்சு? அப்படியே சொல்லு.”

“தவணையில் செலுத்துக.”

“செலுத்துகவா, செலுத்தவுமா?”

“செலுத்துக. இப்ப அதுவா முக்கியம்?”

அண்ணி தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு பின்னறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, “இவளே, இங்க வா” என்று குரல் வந்தது.

திரையில் கட்டம் கட்டமாக ஒரு பட்டியல். ஒரு வரியை விரலால் காட்டினார். முதலில் அவர் எழுதியது ‘கடனாகச் செலுத்துக’. பதினேழு எழுத்து. அது திரும்பி வந்திருந்தது, கூடவே ஒரு குறிப்பு: ‘கடன் என்ற சொல் பயனரைத் தயங்க வைக்கும், மென்மையான சொல் தரவும்.’ அதற்கு அவர் கொடுத்தது ‘தவணையில் செலுத்துக’. பதினெட்டு எழுத்து. பக்கத்தில் பச்சையில் ‘ஏற்கப்பட்டது’.

“எழுதினது நான்தான்” என்றார். “இந்த வீட்டுல நீ காலையில எழுந்ததுலேருந்து தவணை தவணைன்னுதான் பேசற. எழுதும்போது எனக்கு அது ஞாபகத்துக்கே வரல பாரு.”

என்னைப் பேச விட்டால் நிறுத்த முடியாது என்பார்கள். மதியம் எழுதியது நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர்களுக்கு எழுதிச் சரிபண்ணச் சொல்லுங்கள் என்று முனகிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணி அன்றே கம்பெனிக்கு எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது: சொல் ஏற்கப்பட்டது, கோரிக்கை முடிக்கப்பட்டது. மறுபடி எழுதினார். அதே பதில் மறுபடி வந்தது. இதற்கு மேல் வெளியே வாய் திறக்க முடியாது. எழுதிக் கொடுத்த எதைப் பற்றியும் வெளியாட்களிடம் பேசினால் வேலை அன்றோடு சரி என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வேலை போனால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர்கள் மகள் வெளியூரில் நர்சிங் கடைசி வருடம். அண்ணன் வருமானம் வெயில் இருந்தால் உண்டு, குளிர் வந்தால் யார் வீட்டு ஃபிரிட்ஜும் கெடாது. மகள் படிப்பு முழுக்க அண்ணி எழுதும் வார்த்தைக் கூலியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் அண்ணி என்னைக் கூட்டிக்கொண்டு தையல்கார அம்மாவின் கடைக்குப் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை அது. வெட்டிப்போட்ட சட்டைக் கைகள் ஒரு பக்கம், காலர்கள் ஒரு பக்கம். மோட்டார் கெட்டுப்போன மெஷின் சும்மா கிடந்தது. அவர் காலால் மிதிக்கிற பழைய மெஷினில் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவர் போனை வாங்கி, எறும்பு எழுத்து உட்பட அந்தப் பெட்டி முழுவதையும் நின்றபடியே படித்தார். பிறகு சொன்னார்.

“இதைத் தமிழ்ல எழுதினவ நான்தான்.”

நான் அண்ணியின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. தையல்கார அம்மா காலை எடுத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் நிதானமாகத்தான் கேட்டார்.

“அப்ப நீங்களே சொல்லுங்க. நான் கடன் வாங்கினேனா?”

“இல்ல. ஸ்கூலுக்குத் தவணை கட்டினீங்க.”

“போன் பண்ணிக் கேட்டா, நீதான் அழுத்தின, நீதான் சம்மதம் குடுத்தன்னு சொல்றாங்க. நான் சொன்னா எடுபடல. நீங்க சொன்னத அவங்களுக்கு எழுதிக் குடுப்பீங்களா?”

அண்ணி போனைத் திருப்பிக் கொடுத்தார். “யோசிச்சுச் சொல்றேம்மா” என்றார். அதற்குத் தையல்கார அம்மா, “யோசிங்க, வேலை செய்ற இடம்னா யோசிக்கத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டுக் காலரை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் ஒரு கம்ப்ரெஸரைப் பிரித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

“எழுதினா வேலை போயிடும்” என்றார் அண்ணி.

“பொண்ணு ஃபீஸ்?”

“தெரியல.”

அண்ணன் கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே இன்னொரு தடவை துடைத்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுத வேண்டாம், அந்தம்மாவுக்கு வேண்டுமானால் அபராதத்தை நாமே கொடுத்துவிடலாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் என் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பேசாமல் நின்றேன்.

“எழுதறதுன்னா தப்பில்லாம எழுது” என்றார் அண்ணன். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கருத்துப் பக்கத்தின் தமிழ்ப் பகுதியில், ‘கழுதை யார்’ என்று நான் கேட்டிருந்த அதே இடத்துக்குக் கீழே, தன் முழுப்பெயரையும் போட்டு அண்ணி எழுதினார்:

‘நீங்கள் கேட்ட ஆள் நான். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். பள்ளிக் கட்டணத்தையும் மக்கள் தவணை என்றே சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுதும்போது அதை நான் யோசிக்கவில்லை. அது என் தவறு. இந்தப் பட்டன் கொடுப்பது கடன். என் சொல்லைப் பள்ளியின் தவணை என்று நம்பி அழுத்திய யாரும் கடனுக்குச் சம்மதம் கொடுக்கவில்லை. அந்தச் சொல்லை எழுதியவள் என்ற முறையில் இதை எழுதித் தருகிறேன். யாருக்குத் தேவைப்படுகிறதோ அவர்கள் இதை எடுத்துக் காட்டலாம்.’

கவுண்டரில் உட்கார்ந்து இதைப் படித்தேன். எதிரில் நின்ற பெற்றோர் ரசீது கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சண்டைக்குப் போனேன்.

“முதல்ல கடன்னுதான் எழுதினேன், அவங்கதான் மாத்தச் சொன்னாங்கன்னு ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? எல்லாப் பழியையும் நீங்களே தலையில போட்டுக்கணுமா?”

“மாத்தச் சொன்னது அவங்க. மாத்திக் குடுத்தது யாரு?”

“வயித்துப் பிழைப்பு அண்ணி.”

“அந்தம்மாவுக்கும் அதேதான்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் எங்கள் கையில் இல்லை. தையல்கார அம்மா அந்தப் பதிவை அச்செடுத்துக் கடன் கம்பெனிக்கு அனுப்பினார். எங்கள் முப்பத்தொன்பது பேரும் அனுப்பினார்கள். மற்றப் பள்ளிப் பெற்றோர்களும், நாங்கள் பார்த்தேயிராத ஊர்களில் இருப்பவர்களும் அதே பதிவை அனுப்பினார்கள். எழுதினவளே சொல்கிறாள் என்ற பிறகு, நீதான் சம்மதித்தாய் என்று யாரிடமும் அவர்களால் சொல்ல முடியவில்லை. ஒரு மாதத்தில் அபராதம் எல்லாம் திரும்ப வந்தது. மீதியை அவரவர் வசதிப்படி கட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மற்ற மொழிக்காரர்களின் கூச்சலும் குறையாததால் பிரவுசர்காரர்கள் அந்தப் பெட்டியை, வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் என்று உள்ளே தள்ளிவிட்டார்கள். போய்த் தேடிப் பார்த்தேன். பட்டனில் இப்போது ‘கடனாகச் செலுத்துக’ என்று இருக்கிறது.

அண்ணிக்குக் கம்பெனியிலிருந்து வந்தது, இனி வேலை இல்லை என்று நாலு வரிக் கடிதம். அதிலும் ஒரு ஒற்றுப்பிழை இருந்ததாக அவர்தான் காட்டினார். அன்று பின்னறையில் உட்கார்ந்து வழக்கம்போலக் கடவுச்சொல்லை அடித்தார். ‘உங்களுக்கு இங்கே அனுமதி இல்லை’ என்று திரையில் வந்தது.

“இதுவும் நான் எழுதினதுதான்” என்றார். “ஏழு வருஷத்துக்கு முந்தி. கொஞ்சம் மரியாதையா எழுதியிருக்கலாம்.”

மகளின் கடைசி வருடக் கட்டணத்துக்கு என் சேமிப்பை எடுத்தேன். வேண்டாம் என்று அண்ணி இரண்டு நாள் பேசவில்லை, பிறகு வாங்கிக்கொண்டார். இப்போது ஒரு பாடப்புத்தக அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறார். பழைய வருமானத்தில் பாதிகூட வராது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பணம் கொடுத்தது பாசத்தில் பாதி, குற்ற உணர்ச்சியில் பாதி. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தபோது போட்டு உடைத்துவிட்டேன்.

“அண்ணி, கண்ணாடியில தவணைய அழுத்துங்கன்னு ஒட்டி வச்சது நான்தான். அந்தப் பக்கத்துல கழுதைன்னு எழுதினதும் நான்தான். என்னாலதான் உங்க வேலை போச்சு.”

அண்ணி போர்வையை விடவில்லை.

“தாள் விஷயம் அந்தம்மா சொன்னாங்க. கழுதை விஷயம் அன்னிக்கு ராத்திரி அந்தப் பக்கத்தைப் படிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. கேஸ் கம்பெனிக்குப் போன் பண்ணி, ‘தைரியம் இருந்தா முகத்தைக் காட்டு’ன்னு போன்லயே சொல்றவ உலகத்துல நீ ஒருத்திதான்.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல? ஏன் அங்க போய் உங்க பேரைப் போட்டீங்க? நான் கோபத்துல எழுதினது அது. ஆயிரம் பேர் திட்டினதுல அதுவும் ஒண்ணுன்னு விட்டிருக்கலாம்ல.”

“வேற யாராவது எழுதியிருந்தா விட்டிருப்பேனோ என்னவோ” என்றார் அண்ணி. “கேட்டது நீ. தினமும் உன் எதிர்ல உக்காந்து சாப்பிடணுமே.”